நாலாவது மூலை

கோபம் வந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது மதீனா பீவி எனக்குப் போட்ட சட்டம். கோபத்தோடு தைத்தால் நூல் இறுகித் துணி சுருங்கிவிடும் என்பாள். அந்தச் சட்டப்படி நடந்தால் நான் வருஷத்தில் பாதி நாள் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். தாராவியில் கோபம் வருவதற்கா பஞ்சம்? குழாயில் தண்ணீர் வராது. வந்தால் எவளாவது வரிசையில் குடத்தை முன்னால் தள்ளுவாள். ரேஷன்காரன் அரிசியில் கல்லைக் கலந்து போடுவான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு மதீனா வீட்டு வாசலில் சாக்கை விரித்து, அதன்மேல் பழஞ்சேலைகளை அடுக்கி உட்கார்ந்துவிட்டால், நாலு மணிக்குத் தண்ணீர் வரும் வரை எனக்கு யார்மேலும் கோபம் இருந்ததில்லை.

நான் பேராச்சி, அப்புறம் மதீனா, ரோஸி என்று நாங்கள் மூன்று பேர். பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுத் தடித்த விரிப்பாக்குவதைப் பம்பாயில் கோதடி என்பார்கள். அடுத்த சந்து மராத்திக்காரிகள் தைப்பதைப் பார்த்து நாங்களாகவே தொடங்கியது. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஓரத்திலிருந்து நடுவைப் பார்த்துத் தைத்துக்கொண்டு வருவோம். நாலாவது மூலைக்கு ஆள் கிடையாது. துணி காற்றில் தூக்காமல் இருக்க மதீனாவின் அம்மிக்குழவியை அங்கே வைத்திருப்போம்.

"நம்ம நாலு பேருல இவ ஒருத்திதான் வாயாடாத பொம்பளை" என்று ரோஸி குழவியைத் தட்டிச் சிரிப்பாள். அவள் சிரித்தால் எங்களுக்கும் கை நின்றுவிடும். புருஷன், மாமியார், மீன்காரி என்று யாரையும் விட்டுவைக்க மாட்டோம். அழுததும் அங்கேதான். அழும்போதுகூடத் தையல் நிற்காது.

அப்படிப்பட்ட ரோஸியின் புருஷன் தனசீலன் அறுபத்தைந்தாம் வருஷம் மே மாதம் டிராம்பே பக்கம் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து செத்துப்போனான். அவளுக்கு அப்போது இரண்டு மாதம்.

மூன்றாம் நாள் அவளுடைய மாமியார் சேசம்மாள் ஒரு காரியம் செய்தாள். மகனுடைய சட்டை, வேட்டி, போர்வை எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி மாதா கோயில் வாசலில் கொண்டுபோய்ப் பிச்சைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு கைக்குட்டைகூட மிச்சம் வைக்கவில்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நாலாம் நாள் தோல் கிட்டங்கிக்கு, தோலில் உப்பைத் தட்டி உதிர்க்கிற வேலைக்குப் போய்விட்டாள். பெற்ற வயிறா இது, கருங்கல்லா என்று நான் தெருவில் எல்லோரிடமும் கேட்டேன். அன்றிலிருந்து அவளைப் பார்த்தாலே எனக்கு எரியும்.

ஆனால் ரோஸி ஒரே ஒரு சட்டையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். பழுப்புக் கட்டம் போட்ட சட்டை. ஐந்தாவது மாதத்தில் அதை எங்களிடம் கொண்டுவந்தாள்.

"பொறக்கப்போற பிள்ளைக்கு ஒரு கோதடி தைக்கணும். அதுல இதைச் சேர்க்கணும்" என்றாள்.

நான்தான் மறுத்தேன். "செத்தவன் துணி பச்சப்பிள்ள மேல படப்பிடாதுட்டி."

மதீனா தன்னுடைய பச்சைச் சேலையை எடுத்துக் கீழே விரித்தாள். "இது கீழ. பேராச்சி சேலை மேல. சட்டை நடுவுல. பிள்ள மேல படாது, சூடு மட்டும் வரும். போதுமா?"

என் மஞ்சள் சேலையைக் கொடுத்தேன். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன சேலை. பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி ஆகாது, பழசுதான் ஆகும். சட்டையின் கையை வெட்டினோம், காலரை வெட்டினோம், பொத்தானைப் பிடுங்கினோம். பாக்கெட்டை வெட்ட மட்டும் ஒருத்திக்கும் மனசு வரவில்லை. பிள்ளையின் கால்விரல் மாட்டாதபடி ஒவ்வொரு தையலும் அரிசி நீளத்துக்குமேல் போகாமல் மூன்று மாதம் தைத்தோம். சட்டை உள்ளே இருப்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். சேசம்மாளுக்குத் தெரிந்தால் கோதடியையும் கோயில் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள் என்று நாங்கள் மூச்சுவிடவில்லை. தைத்து முடித்ததும் ரோஸி வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு தடவை துவைத்துக் காயப்போட்டாள். மறுநாளே மதீனா வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். பிறக்காத பிள்ளைக்கு உள்ள சாமானை அந்த வீட்டிலேயே வைக்கக் கூடாதே. மதீனா அதை மடித்தபடியே மற்றக் கோதடிகளோடு பெட்டிமேல் வைத்தாள்.

இனி நான் செய்த அழகைச் சொல்கிறேன்.

பாகிஸ்தானோடு சண்டை முடிந்த சமயம் அது. மாட்டுங்காவில் ஒரு மாதர் மண்டலியிலிருந்து விசாலம் மாமி என்ற அம்மாள் எங்கள் சந்துக்கு வந்தாள். எல்லையில் குளிரில் கிடக்கும் ஜவான்களுக்குக் கோதடி கொடுங்கள் என்றாள். "உங்க பேரெல்லாம் எழுதி வைப்போம்" என்றும் சொன்னாள். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. பேராச்சி என்கிற பேரை ஒருத்தர் எழுதி வைக்கப்போகிறாரே! மதீனா கடைக்குப் போயிருந்த நேரம். பெட்டிமேல் இருந்த கோதடிகளில் ஐந்தை எடுத்து, பிரித்துப் பார்க்காமல், கயிறு போட்டுக் கட்டி மாமியோடு வந்த ஆளின் தலையில் நானே தூக்கி வைத்தேன்.

டிசம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமை ரோஸிக்கு ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை பிறந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், கோதடியைக் கொண்டுவாருங்கள், அதில் சுற்றித்தான் பிள்ளையை எடுத்துவருவேன் என்று வியாழக்கிழமை காலையில் சொல்லி அனுப்பினாள். மதீனா பெட்டிமேல் தேடினாள். பெட்டிக்குள் தேடினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மூட்டை கட்டினது நீதான?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு? பேரு எழுதுதேன்னு சொன்னா வீட்டையே தூக்கிக் குடுத்திருவியா?" என்று கத்தினாள். பத்து வருஷத்தில் மதீனா என்னிடம் குரலை உயர்த்தியது அன்றுதான். என்மேலேயே எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

இரண்டு பேரும் மாட்டுங்காவுக்கு நடையைக் கட்டினோம். சந்து முனையில் சேசம்மாள் நின்றாள். அன்றைக்கென்று பார்த்து வேலைக்குப் போகவில்லை.

"எங்க போறிய?"

"பிள்ளைக்குத் தச்ச கோதடி தப்பிப் போயிட்டு. வாங்கப் போறோம்" என்றாள் மதீனா.

"நானும் வாரேன்."

"நீங்க எதுக்கு யத்தே? வெயிலு" என்றேன்.

"என் பேரனுக்குள்ளதுதான?" என்று முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கோதடிதான் வேண்டும் என்று எப்படிக் காரணம் சொல்லிக் கேட்பது?

மண்டலிக் கட்டடத்தில் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஜவானும் இல்லை, குளிரும் இல்லை. கயிறு கட்டிக் கோதடிகளை வரிசையாகத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். நட்டநடுவில் எங்கள் கோதடி. சுற்றிலும் புது நீலப் பட்டில் ஓரம் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு முழத்துக்கு அதே பட்டில் துண்டு வைத்து மூடியிருந்தார்கள். மேலே ஒரு அட்டை. பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரரிடம் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"கைவேலை, திருமதி விசாலம். விற்றுவிட்டது" என்று படித்தார்.

விசாலம் மாமி சிரித்துக்கொண்டே வந்தாள். "வாங்கோ, வாங்கோ. பார்த்தேளா, எவ்வளவு எடுப்பா இருக்கு!"

"ஜவானுக்குன்னுதான சொன்னீய?" என்றேன்.

"வித்த பணம் ஜவான் நிதிக்குத்தானே போறது."

"அப்ப எங்க பேரு?"

அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எல்லாப் பேரையும் போட அட்டையில இடம் இல்லைம்மா."

மதீனா குறுக்கே வந்தாள். "பேரு கெடக்கட்டும். இந்தக் கோதடி தப்பி வந்துட்டு, மாமி. ஒரு பச்சப்பிள்ளைக்கு உள்ளது. திருப்பிக் குடுத்துருங்க."

"இது வித்தாச்சேம்மா. பிள்ளைக்குத்தானே? புதுசா ஒரு கம்பளி தரேன், எடுத்துண்டு போங்கோ. இந்தப் பழந்துணியில என்ன இருக்கு?"

என்ன இருக்கிறது என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. பின்னால் சேசம்மாள் நிற்கிறாள். விழுங்கிக்கொண்டேன். விழுங்கிய கோபம் எங்கே போகும்? கைக்குப் போனது. கோதடியைக் கயிற்றிலிருந்து உருவிக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஜனம் கூடிவிட்டது.

"இது உங்க கைவேலைன்னா சொல்லுங்க மாமி, இந்தத் தையல் யாருது?" என்று ஒரு வரிசையைக் காட்டினேன். அவள் முழித்தாள். "இது மதீனாவுது. எறும்பு போற மாதிரி இருக்கும், கோணாது. இந்தா சாய்ஞ்சு போகுதே, இது என்னுது. நடுவுல நடுவுல நூலு முடிச்சு விழுந்திருக்கே, இது ரோஸியோடது, அழுதுக்கிட்டே தச்சது. இதுல உங்க கை எங்க இருக்கு?"

"எல்லாரும் பார்க்கறா. எழுந்திரும்மா."

"பாக்கட்டும்! பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி ஆகாது. எதுக்கு இந்தப் பட்டை வச்சு மூடினீய?"

"நடுவுல யாரோ கோணல்மாணலா தச்சிருந்தா. பார்க்க அசிங்கமா இருந்தது, அதான் மறைச்சேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தையலில் கோணலா? பல்லால் நூலைக் கடித்து நடுவில் இருந்த பட்டுத் துண்டை ஒரே இழுப்பில் கிழித்தேன்.

உள்ளே உண்மையிலேயே ஒரு கோணல் இருந்தது. கறுப்பு நூலில், ஒன்றொன்றும் விரல்கடை நீளத்துக்கு, உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டம். எங்கள் மூன்று பேர் கையும் இல்லை. நாங்கள் கறுப்பு நூலே எடுக்கவில்லை. இவர்கள் தையற்காரன் செய்த கூத்து என்று நினைத்து, என்னென்னவோ வைதுகொண்டு, அந்த நூலில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். அறவில்லை. மெழுகு பூசிய நூல். மறுபடியும் இழுக்கப் போனேன்.

என் கையை ஒரு கை பிடித்தது. உப்பில் வெடித்த விரல்கள்.

"அதைப் பிரிக்காத பேராச்சி" என்றாள் சேசம்மாள். "அது நான் போட்டது."

மதீனா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நூலை விட்டுவிட்டேன்.

"ரோஸி காயப் போட்டிருந்தா. எடுக்கப் போனேன். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிச்சப்போ உள்ள பாக்கெட்டு தெரிஞ்சுது." குனிந்து அந்தக் கட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "அவன் பீடியும் பஸ் டிக்கெட்டும் வைக்கிற பாக்கெட்டு. அது உள்ள நகந்துரப்பிடாதுன்னு கிட்டங்கி நூலைக் கொண்டாந்து சுத்தித் தச்சேன். அவ ஆஸ்பத்திரிக்கு வயித்தைக் காட்டப் போயிருந்த நேரம். தச்சு முடிச்சு நானே மடிச்சு வச்சேன். எனக்கு உங்களை மாதிரித் தைக்க வராது."

"பொறவு ஏன் யத்தே எல்லாத்தையும் அள்ளிக் குடுத்தீய?" என்றேன்.

"வீட்டுல கெடந்தா அதையே பாத்துக்கிட்டு அவ சோறு திங்கமாட்டா. வயித்துல பிள்ள கெடக்குல்லா" என்றாள். பிறகு, "நான் மட்டும் பாத்துக்கிட்டு இருப்பனா?" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள். ஏழு மாதம் கழித்து, மாட்டுங்காவில், முன்பின் தெரியாத இத்தனை பேருக்கு நடுவில்.

விசாலம் மாமி அதன்பிறகு கம்பளியைப் பற்றிப் பேசவில்லை. அட்டையை எடுத்துக் கிழித்தாள். "எடுத்துண்டு போங்கோ" என்றாள். சுற்றியிருந்த நீல ஓரத்தை மதீனா அங்கேயே பிரித்து அவள் கையில் மடித்துக் கொடுத்தாள். வெளியே வரும்போது, மற்ற நாலு கோதடியிலாவது எங்கள் பேரைப் போடச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். போட்டாளோ என்னவோ, நான் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை. அவள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

தெருவெல்லாம் சேசம்மாளைக் கருங்கல் என்று சொன்னவள் நான். அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி முழுக்க நினைத்தேன். வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பிள்ளை அந்தக் கோதடியில் வீட்டுக்கு வந்தான். கறுப்புக் கட்டத்தை நாங்கள் தொடவில்லை. அவன் கால்விரல் அந்த நீளத் தையலில் இரண்டு தடவை மாட்டியது. ரோஸி மெதுவாக எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் மதீனாவும் புதிதாக ஒன்றுக்குச் சேலை அடுக்கிக்கொண்டிருந்தோம். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ரோஸி பக்கத்தில் இருந்தாள். கோயில் முடிந்து சேசம்மாள் வந்தாள். யாரையும் கேட்கவில்லை. அம்மிக்குழவியைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, நாலாவது மூலையில் உட்கார்ந்து, மடியிலிருந்து கறுப்பு மெழுகு நூலை எடுத்தாள். நாலே தையலில் ஒரு முழத்தைத் தாண்டிவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! "யத்தே, தையலா போடுதிய, வேலியா கட்டுதிய? பிரிங்க எல்லாத்தையும்!"

"பிரிக்கமாட்டேன் போ" என்றாள் சேசம்மாள்.

"ஊசியைக் கீழ வையி பேராச்சி" என்றாள் மதீனா.

நான் வைக்கவில்லை. தைத்துக்கொண்டே வைதேன்.