அத்தையின் கடைவாய்ப்பல்

பல் டாக்டர் காலையில் கிளினிக்கைத் திறக்கும்போதே, கன்னத்தைப் பிடித்தபடி வாசலில் நின்றார் அவளுடைய அத்தை. தலைக்குப் பக்கத்தில் இன்னொரு தலை முளைத்ததுபோல் வீக்கம்.

ஆறுதல் சொல்வதில் அத்தையை மிஞ்ச ஆளில்லை. ஒரு சாவு வீட்டில் அவர் வாயைத் திறந்ததும், கிடத்தியிருந்தவரே எழுந்து பக்கத்து அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். நானே பார்த்தேன்.

போன மாதம் டாக்டரின் வயிற்றிலிருந்த குழந்தை தங்கவில்லை. அத்தைதான் முதலில் ஓடிவந்தார். "எல்லாம் நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்கோ. இன்னொண்ணு பொறக்காமலா போயிரும்? பிள்ளையே இல்லாதவங்களைப் பாரு! அழாதேடி, முகம் வீங்கிரும்." டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கிளம்பியும் போய்விட்டார்.

கிளினிக்கில் உதவி வேலை பார்க்கும் ஒரு வயதான அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல், அழுது முடியும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது அத்தை நாற்காலியில் சாய்ந்திருந்தார். டாக்டர் அவர் வாய் நிறையப் பஞ்சை அடைத்தாள். பிறந்ததிலிருந்து முதன்முறையாகப் பதில் பேச அத்தைக்கு வழியில்லை.

"வலிக்குதா அத்தை? எல்லாம் நல்லதுக்குத்தான்."

"ஆ... ஆ..."

"ஒரு பல்லுதானே! பொக்கை வாயோட இருக்கறவங்களைப் பாருங்க."

மரத்துப்போகச் செய்யும் ஊசி மேசைமேலேயே இருந்தது. டாக்டர் அதை அறை முழுக்கத் தேடினாள்; அலமாரிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள்.

"அழாதீங்க அத்தை, முகம் வீங்கிரும்."

அத்தையின் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. உதவிக்கார அம்மா பொறுக்கமாட்டாமல் அவர் கையைப் பிடித்தார். "ரொம்ப வலிக்குதாம்மா?" அத்தை தலையை ஆட்டி, அந்தக் கையை நசுக்கிவிடுவதுபோல் பற்றிக்கொண்டார்.

"போதும் டாக்டர்" என்று ஊசியை எடுத்து நீட்டினார் அந்த அம்மா.

ஊசி போட்டபின் பல் வந்தது. டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும் எண்ணமும் இல்லை. அத்தை குழறிக் குழறிப் பேசினார்.

"வலிக்குதான்னு அந்தம்மா கேட்டாங்க பாரு, அப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு. நொந்தவங்களுக்கு நியாயம் சொல்லக் கூடாதுடி. என்னன்னு கேக்கணும். கேட்டுட்டு, வாயை மூடிட்டுக் கூட இருக்கணும்." பிறகு கேட்டார்: "புள்ளைக்கு என்ன பேரு நெனச்சு வெச்சிருந்தே?"

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

அத்தை புதுப் பஞ்சு ஒன்றைக் கடித்துக்கொண்டு மதியம்வரை கேட்டார். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது. பஞ்சைத்தான் அவர் எடுக்கவில்லை.