இருபத்தெட்டும் தெய்வம்மாவுக்கே

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை குன்னூர் மருந்துக்கடையில் ஒட்டுக்கேட்டது. பிரஷர் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கட்டுப்போட்ட பெருவிரலைத் தூக்கிக் காட்டி, "இந்தத் தடவை யாருக்கும் ஒண்ணுகூடத் தரமாட்டேனுங்க" என்றாள். கடைக்காரர் எதையும் கேட்டிருக்கவில்லை. கிடைத்தது அவ்வளவுதான். தெய்வம்மா என்ற பெயரும் மற்றதும் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "பனி விலகாத தேயிலைச் சரிவில்…" வேண்டாம். இங்கே இருப்பவர்களுக்குப் பனி என்றால் துணி காயாது, அவ்வளவுதான்.

மறுபடியும். தெய்வம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். போன மாதம் பெருவிரல் நகக்கண்ணில் சீழ் வைத்தது. ஆஸ்பத்திரி மாத்திரையை மூன்று நாள் போட்டாள். வலி போனதும் மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக் கலைமதிக்குக் கொடுத்துவிட்டாள். எஸ்டேட் கொடுத்த லைன் வீடுகளில், ஒட்டிய சுவர்கள்; குழம்பு போல மாத்திரையும் சுவர் தாண்டிப் போகும்.

சீழ் திரும்பி வந்தது. இம்முறை டாக்டர் அதைச் சோதனைக்கு அனுப்பினார். "சாதாரணப் பென்சிலின இந்தக் கிருமி உடைச்சுப்போடும்மா. இது குளோக்சசிலின், அதால உடைக்க முடியாத பென்சிலின். ஏழு நாள், நாளைக்கு நாலு. நடுவுல விட்டா எலும்புக்குப் போயிரும், விரல் நுனிய எடுக்கணும்" என்றார்.

நுனி போனால் கொழுந்து பறிக்க முடியாது. வேலை போனால் லைன் வீடும் போகும்.

3

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது: முதல் வரைவில் அவளைக் கஞ்சி குடித்துவிட்டு மாத்திரை போடவைத்திருந்தேன். படித்துப் பார்த்த என் நண்பர், மருந்தாளுநர் பிராங்ளின், சத்தம் போட்டார். "வெறும் வயித்துலங்க! சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி!" கதை முழுக்கக் கஞ்சியைத் தள்ளிவைத்தேன். எனக்கு அது திருத்தம், அவளுக்குப் பசி.)

4

புது மருந்து தொடங்கி நான்காம் நாள் காலை. வீக்கம் வற்றியிருந்தது. கலைமதி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். தெய்வம்மா கையில் கட்டுப் போட்ட நாளிலிருந்து அவள்தான் தண்ணீர் கொண்டுவருகிறாள்.

"ஏனுங்க அக்கா, எங்க ஊட்டுக்காரருக்குப் பிடரியில கட்டிங்க. தலையத் திருப்ப முடியல. நாலு கேப்சூல் குடுங்க. உங்களுக்குத்தான் வத்திருச்சே."

இங்கே எனக்குச் சபலம் தட்டியது. தெய்வம்மா கொடுத்துவிட்டால் நீங்கள் கண் கலங்குவீர்கள், எனக்கும் நல்ல பெயர். "மாத்திரை அட்டையைப் பாதியாக உடைத்து அவள்…" பேனா நகரவில்லை. "தீர்ந்துருச்சு" என்று பொய் சொல்லவைத்தேன். அது அவள் வாயில் நிற்கவில்லை.

"தரமாட்டேன் கலைமதி" என்றாள். "போன தடவை பங்கு போட்டுத்தான் என் விரலு இப்படி ஆச்சு. அவருக்கு என்ன கட்டின்னு நமக்குத் தெரியுமா? நாளைக்கு மொத பஸ்ஸுக்கு அவரக் கூட்டிட்டு வா. டாக்டர்கிட்ட காட்டலாம், நானும் வரேன்."

"ஒரு நாள் கூலி போயிருமுங்க."

"போகட்டும்."

கலைமதி குடத்தை வாசலிலேயே இறக்கினாள். "எங்க தண்ணி மட்டும் வேணுமாக்கும்" என்றுவிட்டுப் போனாள்.

தெய்வம்மாவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அந்த வேளைக் கேப்சூலை விழுங்கினாள். பிறகு ஒரு மணி நேரம் பசியோடு உட்கார்ந்திருந்தாள்.

5

மறுநாள் காலைக் கேப்சூலைப் போட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்தில் தெய்வம்மா தனியாக நிற்கிறாள். வளைவில் ஹாரன் கேட்கிறது. கலைமதியும் அவள் புருஷன் ஆறுச்சாமியும் வருவார்களா? எனக்குத் தெரியவில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஓடிவரச் செய்யுங்கள், இல்லை இரண்டு பெண்களையும் ஆயுசுக்கும் பேசாமல் வையுங்கள். பஸ்ஸையே ரத்து செய்தாலும் நான் கேட்க மாட்டேன்.

அவள் பையிலிருக்கும் மாத்திரை அட்டையில் மட்டும் கை வைக்காதீர்கள். இன்னும் பதினொன்று இருக்கிறது. பதினொன்றும் அவளுக்கு.