பேராசிரியரைத் தொடர்ந்த இருபது தட்டுகள்

ஏப்ரல் முதல் திங்கட்கிழமையிலிருந்து, பேராசிரியர் ஆனந்தகிருஷ்ணன் சாப்பிட்டுவிட்டு அப்படியே வைத்த தட்டுகள் அவர் பின்னாலேயே வரத் தொடங்கின. தோள் உயரத்தில், இரண்டடி தள்ளி, அவர் தட்டிலேயே கை கழுவிய தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தாமல் மிதந்து வந்தன. அதற்கு முந்தைய நாள்தான், பல்கலைக்கழகத்தில் நிர்வாகவியல் கற்பிக்கும் அவர், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலுள்ள தன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஏழு வண்ணங்களில் ஒரு வேலை அட்டவணையை ஒட்டியிருந்தார். பெருக்குவது, துவைப்பது, குளியலறை தேய்ப்பது எல்லாம் மனைவி வசந்தகுமாரிக்கு. பேராசிரியர் பெயருக்கு நேரே ஏழு நாளும் ஊதா நிறத்தில் ‘மேற்பார்வை’. பதினோரு வருடமாகச் சனிக்கிழமை ஒன்பது மணி நீச்சல் வகுப்புக்குப் பெயர் கொடுத்தும் ஒருமுறைகூடத் தண்ணீரில் கால் வைக்காத வசந்தகுமாரி, சனிக்கிழமைக் கட்டத்தைப் பார்த்தாள். ஜன்னல் துடைப்பது என்றிருந்தது. ஒப்புதல் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில், ‘அவரவர் எச்சில் தட்டு அவரவர் பொறுப்பு’ என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டாள். தான் தயாரித்ததைத் திரும்பப் படிக்கும் வழக்கம் இல்லாததால் அவரும் கீழே கையெழுத்திட்டார்.

தட்டுகள் மெட்ரோவில் போயின. பயணிகள் ‘பார்தோன்’ என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு வழிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பத்தொன்பது சேர்ந்துவிட்டன. பேராசிரியர் பக்கத்து ஊரான லவாலில் வாங்கிவந்த பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் அவை தாமாக நுழைய மறுத்தன. எடுத்து அடுக்குவது மேற்பார்வையில் சேராது என்று அவரும் மறுத்தார்.

“வசந்தா, இதுங்கள ஏதாவது பண்ணேன்.”

“அட்டவணையில எனக்கு அந்த வேலை இல்லையே, நீங்களே பாருங்க.”

கீழ்வீட்டு எமிலியானுஸ் படியில் நின்று தட்டுகளை எண்ணினார். “அண்ணை, உதுக்கு ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறியள்? கழுவினா நிண்டிடும். எனக்கு மூண்டு நாளிலயே விளங்கிட்டுது.” ஆழ்ந்த ஆய்வு தேவைப்படும் விஷயம் இது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் அவருடைய சொற்பொழிவு: ‘இல்லத்தில் வேலைப் பங்கீடு’. இட்லித் தட்டோடு எண்ணிக்கை இருபதாயிற்று.

“நீ முன்வரிசையில இல்லன்னா நல்லாயிருக்காது.”

“அதான் இருபது தட்டு வருதே. அதுங்கள உட்கார வைங்க.” துண்டை எடுத்துக்கொண்டு வசந்தகுமாரி கிளம்பிவிட்டாள்.

தட்டுகள் முன்வரிசையில் ஒழுங்காகத்தான் அமர்ந்திருந்தன. ‘கடமை’ என்று அவர் வாய் திறந்ததும் எழுந்து ஒலிவாங்கியைச் சூழ்ந்துகொண்டன. “அண்ணை, குசினி இடப்பக்கம்!” என்று பின்னாலிருந்து எமிலியானுஸ் குரல் கொடுத்தார். பேராசிரியர் மண்டபச் சமையலறைக்குள் போய்க் கோட்டைக் கழற்றினார். கழுவிய தட்டு ஒவ்வொன்றும் அடுக்கில் இறங்கி அசையாமல் நின்றது. இருபதாவதற்கு மண்டபமே கைதட்டியது. தன் ஆய்வுக்கு என்று நினைத்து அவர் தலைவணங்கினார்.

அதே நேரத்தில் வசந்தகுமாரி நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். அவசரத்தில் அவள் கழுவாமல் விட்டுவந்த காப்பித் தம்ளர் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. கண்ணாடியா என்று கேட்டாள் குளத்துக் காவல் பெண். எவர்சில்வர் என்றதும், கண்ணாடிக்குத்தான் தடை, சரி என்றாள். வசந்தகுமாரி இறங்கினாள். முதல் வகுப்பில் யாரும் கடக்காத இருபத்தைந்து மீட்டரை, தண்ணீர் வாய்க்குள் போகப் போகச் சிரித்துக்கொண்டே கடந்தாள். அவள் கை எதிர்ச்சுவரைத் தொட்டபோது தம்ளரும் ‘டிங்’ என்று தொட்டது. காவல் பெண் வருகைப் பதிவேட்டில் இரண்டு பேர் என்று குறித்துக்கொண்டாள்.