அண்ணாச்சி அணைத்த சர்வர்

"கண்ணுல படாத கிளவுடுக்கு எங்கன ஏட்டி பொட்டு வைக்க? நம்ம கட்டடத்துலயே தனி சர்வர் போடு" என்றார், குற்றாலத்தில் விடுதி நடத்தும் நாறும்பூநாதன். முன்பதிவு இணையதளத்தைக் கவனிக்கும், அதைக் கிளவுடில் வாடகை இடம் பிடித்து வைக்கலாம் என்ற ஜெயசித்ரா அடங்கிப்போனாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

ஆயுத பூஜையன்று சந்தனம் பூசி, பூ வைத்து, கருவிகளுக்கு ஓய்வென்று சர்வரை அணைத்தார்.

"கார்த்திகைக்கு ஐயப்ப சாமிமாரு இப்பவே ரூம் போடுத நேரம், அண்ணாச்சி."

"வாய மூடு."

மறுநாள் ஒரு பதிவும் இல்லை. "மூதேவி! ஒன் ராசிதான். வெளிய போ!"

ஜெயசித்ரா வாடிய பூவை எடுத்து, அவர் போட மறந்த சர்வரைப் போட்டுவிட்டே கிளம்பினாள். வாசலைத் தாண்டுமுன் பதிவுகள் குவிந்தன.

"பாத்தியளா," என்று பின்னால் வேலையாட்களிடம் சிரித்தார் அவர். "மூதேவி எறங்குதா, லட்சுமி ஏறுதா!"