வெடிக்குப் பயப்படாத குட்டி

நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் எதையெதையோ பார்ப்பார்கள். தடுப்பூசி போட்டிருக்கிறதா, தாய் நாய்க்கு நோய்நொடி உண்டா, வீட்டில் யார் சோறு வைப்பது என்றெல்லாம் ஐஸ்வர்யாவும் கேட்டுப் பார்த்தாள். பட்டாசுக் கம்பெனி நடத்தும் அவள் புருஷன் நவநீதகிருஷ்ணனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாய் வெடிக்குப் பயப்படக் கூடாது.

"நம்ம வீட்டு நாய் தீவாளிக்குக் கட்டிலுக்கடியில போயி ஒளிஞ்சா, நாரணாபுரமே சிரிக்கும்," என்றான்.

ராஜபாளையத்தில் குட்டி விற்கும் செல்வக்குமாரின் வாசலில் போய் ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டான். அப்பா தங்கச்சாமி காரில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். குட்டிகளெல்லாம் விழுந்தடித்துத் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்தன. ஒன்று மட்டும் அசையாமல் தூங்கியது. உடம்பெல்லாம் பால் வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு.

"இதுதாங்க நம்ம குட்டி!" என்று தூக்கிக்கொண்டான் நவநீதகிருஷ்ணன்.

செல்வக்குமார் காசை எண்ணி வாங்கிக்கொண்டார். அந்தத் தூக்கத்தின் காரணம் அவருக்குத் தெரியாதா என்ன! கோளாறு ஏதும் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

வந்த சில நாளிலேயே தங்கச்சாமிக்கு விளங்கிவிட்டது. அவர் காலமெல்லாம் சோதனைத் திடலில் நின்று அணுகுண்டுப் பட்டாசு வெடித்துப் பார்த்துக் காதைத் தொலைத்தவர். பக்கத்தில் வந்து கத்தினால்தான் கேட்கும். அதற்கு அந்த வீட்டில் யாரும் மெனக்கெடுவதில்லை. ஒருநாள் அவர் கைதவறிப் போட்ட எவர்சில்வர் தட்டுக்குக் குட்டி திரும்பவே இல்லை. தரையைக் காலால் தட்டினார். அதிர்வு பட்டதும் சட்டென்று திரும்பி வாலை ஆட்டியது. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் தன்னைப் போல இன்னொன்று வந்து சேர்ந்திருக்கிறதே என்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். செவிட்டுக் குட்டியைச் செல்வக்குமார் மடியில் வைத்தா கொஞ்சப் போகிறார்? சாக்கில் கட்டிக் கிணற்றில்தான் போடுவார். அதனால் மகன் "வீரா" என்று கூப்பிட வாயசைக்கும்போதெல்லாம் தங்கச்சாமி நாற்காலியில் இருந்தபடியே கூடத்து டைல்ஸைக் குதிகாலால் தட்டுவார். குட்டி திரும்பும். மகனுக்குத் தலைகால் புரியாது.

சீசன் ஆர்டர் பேச வெளியூர் வியாபாரிகள் வந்தார்கள்.

"எங்க வீராவைப் பாருங்க. வெடியெல்லாம் அவனுக்குத் தூசு," என்று நவநீதகிருஷ்ணன் அவர்களை வீட்டுக்குப் பின்னாலிருந்த பொட்டலுக்குக் கூட்டிப்போனான். தங்கச்சாமியும் பதறிப்போய்ப் பின்னாலேயே போனார். நடுவில் ஓர் அணுகுண்டை வைத்து, திரியைக் கொளுத்திவிட்டு மகன் ஓடி வந்தான். திரியில் பொறி பறந்தது. அதைப் பிடிக்கக் குட்டி துள்ளிக்கொண்டு ஓடியது.

"வீரா! ஏலே, வீரா!"

வியாபாரிகளும் சேர்ந்து கத்தினார்கள். தங்கச்சாமி தரையை ஓங்கி ஓங்கி மிதித்தார். டைல்ஸ் இல்லையே, மண். குதிகால்தான் புதைந்தது. குட்டி பொறியை முகர்ந்து பார்த்து, வெடியை வாயில் கவ்வியது.

அந்தச் சத்தம் தங்கச்சாமிக்கே கேட்டது.

வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நவநீதகிருஷ்ணன் சட்டையில் தெறித்ததைத் துடைத்தான்.

"அம்புட்டுக் கத்தியும் திரும்பலையே. செவிட்டு நாயைத் தலையில கட்டிட்டான் பாரு!"

அப்போதுதான் அவன் கண் அப்பாவின் காலில் விழுந்தது. மண்ணில் ஒரே இடத்தில் குழி பறித்திருந்தது குதிகால். கூடத்தில் தினமும் கேட்ட அந்தத் தட்டல் அவனுக்கு நினைவு வந்தது. நேரே வந்து அவர் காதில் வாயை வைத்துக் கத்தினான்.

"ஒங்களுக்குத் தெரியும், இல்லியாப்பா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது உசுரோட இருந்திருக்கும்ல?"

மகன் அவ்வளவு பக்கத்தில் வந்து பேசி எத்தனையோ வருஷமாயிற்று. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. தங்கச்சாமி காதோரம் கையைக் குவித்துக்கொண்டார்.

"என்னலே சொல்லுத? கேக்கலையே," என்றார்.