கிடை போட்ட பாதி

காலால் தள்ளினேனா, கால் தானாகப் போய்த் தள்ளியதா, ஒன்பது வருடம் கழித்தும் அது மட்டும் தெளியவில்லை, வரப்பில் மிளகு கொட்டினாற்போல் கிடந்த ஆட்டுப் புழுக்கைகள், பக்கத்தில் வாய்க்கால், என் செருப்பு நுனி, மூழ்கிவிடும் என்றுதான் நினைத்தேன், மூழ்கவில்லை, காய்ந்த புழுக்கை மிதக்கும் என்பது விவசாயம் படித்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை, ஒன்றன் பின் ஒன்றாக, கறுப்பாக, அவசரமே இல்லாமல் அவை கடைமடையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன, இப்போதும் போய்க்கொண்டிருக்கின்றன, பந்தலில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள், வயல் விழாவுக்கு இருநூறு பேர் வந்திருக்கிறார்கள், அடுத்து என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த வயல் வெள்ளத்தாயி அக்காவுடையது, என் ஆராய்ச்சிக்கு ஊரில் ஒருவரும் நிலம் தராதபோது, எங்கிட்ட இருக்கு, வந்து என்னத்தையாச்சும் செய்யி தாயி என்றவள் அவள், நடுவில் ஒரு வரப்பு போட்டோம், வடக்குப் பாதியில் என் முறை, சாண் இடைவெளியில் ஒற்றை நாற்று, தெற்குப் பாதியில் ஊர் முறை, கொத்துக் கொத்தாக நெருக்கி, உழவும் உரமும் தண்ணீரும் இரண்டுக்கும் ஒன்றுபோல இருக்கவேண்டும், நடவு மட்டுமே மாறவேண்டும், அப்போதுதான் கூடுதலாக விளைந்தது நடவால் என்று சொல்ல முடியும், எல்லைக்கு முளைக்குச்சி அடித்த அன்று இதை அக்காவிடம் சொன்னேன், சொன்னேனா, வடக்குப் பாதி என்னுது அக்கா என்று மட்டும் சொல்லிச் சிரித்தேனோ, அந்தச் சிரிப்புதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மூன்று வாரம் தலைமை நிலையத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறேன், முதல் உழவு முடிந்து மண் புரண்டு கிடக்கிறது, வடக்குப் பாதியில் கால் வைத்தபோதே ஆட்டு மூத்திர வாடை, அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரகசியம்போலச் சொல்கிறாள், மூணு ராத்திரி ஆட்ட அடைச்சுக் கிடை போட்டேன் தாயி, முந்நூறு ஆடு, புழுக்கையும் மூத்திரமும் அம்புட்டும் உரம், ஆடு மேய்க்கிற கீதாரி வேற ஊருக்குக் கிளம்புனாரு, கையக் காலப் புடிச்சு மறிச்சேன். ரெண்டு பாதியிலயுமா அக்கா. எம் பாதிக்கு எதுக்கு, அது எப்பவும்போல வெளையும், ஒம் பாதியிலதான், ஒத்த நாத்த நட்டுப்புட்டு ஒத்த ஆளா நிக்கிற புள்ள, ஊரு சிரிக்கக் கூடாதுல்ல.

எனக்கு அழுகை வந்தது, அன்பால் என்று அவள் நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன், ஒரு வருடம் போச்சு என்று உள்ளே யாரோ சொன்னார்கள், இன்னொரு வயல் தேடவேண்டும், இல்லையென்றால் அறிக்கையில் ஒரு வரி எழுதவேண்டும், ஒரே ஒரு வரி, அதற்குள் சாலையில் ஜீப் வந்து நின்றது, என் மேலதிகாரி ஞானமுத்து சார் பேண்டை மடித்துக்கொண்டே இறங்கினார், அவர் வரப்பில் ஏறுவதற்குள் கால் போய்விட்டது, உழவில் உள்ளது மண்ணுக்குள் போயிற்று, வரப்பில் உள்ளது தண்ணீரோடு போயிற்று, எல்லாம் ரெடியாம்மா என்றார், ரெடி சார் என்றேன், அக்கா எங்கள் இருவரையும் பார்த்துப் பெருமையாக நின்றாள்.

நடவன்று பெண்கள் குனியமுடியாமல் சிரித்தார்கள், என்னடி இது, மொட்டத் தலையில முடி நட்டாப்புல இருக்கு, அடுத்த மாதமே சிரிப்பு நின்றது, வடக்குப் பாதி கருகருவென்று தூர்கட்டி எழுந்தது, அறுவடையில் நூற்றுக்கு முப்பத்தெட்டு கூடுதல், அந்த முப்பத்தெட்டு கையேட்டில் ஏறியது, சுவரில் ஏறியது, என் பெயருக்குப் பக்கத்தில் ஏறியது, கிடை எதிலும் ஏறவில்லை.

பிறகு சன்னாசி வந்தார், அடுத்த ஊர்க்காரர், கையேட்டைப் படித்து ஒரு வரி விடாமல் செய்தவர், இருந்த ஒன்றரை ஏக்கரிலும் செய்தவர், துண்டை என் மேசையில் பிரித்தார், உள்ளே கதிர்கள், விரலால் நசுக்கினால் பாதி பதர், வருசச் சாப்பாட்டுக்கே பத்தாது மேடம், நான் எங்க தப்புப் பண்ணுனேன்னு மட்டும் சொல்லிருங்க, அடுத்த தடவ திருத்திக்கிறேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம், அறையில் நாங்கள் இரண்டு பேர்தான், நான் கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, களை எடுக்கத் தாமதம் பண்ணியிருப்பீங்க என்றேன், எங்கிருந்து வந்தது அந்தக் குரல், அவ்வளவு படித்த குரல், அவர் யோசித்தார், ஆமா மேடம், நாலு நாள் தள்ளிப்போச்சு, எம் பொஞ்சாதிக்குக் காச்சல், எந் தப்புத்தான் என்று சொல்லி, சிந்திய பதரைக்கூட மேசையிலிருந்து கையால் கூட்டித் துண்டில் அள்ளிக்கொண்டார், எனக்கு வணக்கம் சொன்னார், நான் எழுந்து நிற்கவில்லை, ஏன் எழுந்து நிற்கவில்லை, கனவில் நான் எழுந்து நிற்கிறேன், வாய் திறக்கிறேன், வாய்க்குள்ளிருந்து கறுப்பாக உருண்டு வருகின்றன.

பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேடையேறுகிறேன், பெண்கள் பக்கத்தில் வெள்ளத்தாயி அக்கா, நரைத்துவிட்டாள், அது நம்ம வயலாக்கும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், முன்வரிசையில் சன்னாசி, மடியில் நோட்டும் பேனாவும், எழுதிக்கொள்ள வந்திருக்கிறார். ஞானமுத்து சார் மைக்கைத் தள்ளிப் பிடித்தபடி என்னிடம் குனிகிறார், நீளமா வேண்டாம்மா, அந்த முப்பத்தெட்ட உங்க வாயால ஒரு தடவ சொல்லிடுங்க, நம்ம நடவுக்கு நூறு ஏக்கர் இன்னைக்கே பதிவாயிடும்.

நான் சொல்லல சார்.

ஏன், தொண்டை கட்டிருக்கா.

இல்ல சார், அந்தப் பாதியில கிடை போட்டிருந்துச்சு, அது எனக்கு அன்னைக்கே தெரியும்.

அவர் உள்ளங்கையால் மைக்கைப் பொத்துகிறார், முகம் ஒருகணம் வெளுத்துத் திரும்புகிறது, எத்தன வருசக் கதம்மா அது, அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், இப்ப நம்பர மட்டும் சொல்லுங்க, கையை எடுத்து மைக்கை நீட்டுகிறார், பஞ்சு சுற்றிய கறுப்பு உருண்டை என் உதட்டுக்கு நேரே வந்து நிற்கிறது, மிதக்கிறது, கீழே சன்னாசி பேனாவைத் திறந்துகொண்டு நிமிர்கிறார், நான் அவரைப் பார்த்துக்கொண்டே அதைத் தள்ளுகிறேன், இந்த முறை கையால், எல்லோரும் பார்க்க.