மிச்சம் பிடித்த இரண்டு லிட்டர்

என் அக்காவை அவள் மகளிடமிருந்து ஒரு மாதம் முழுக்கப் பிரித்து வைத்தது கோர்ட்டு அல்ல, நான். கோர்ட்டாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பாப்பாவைப் பார்க்கலாம் என்று பெரிய மனது பண்ணியிருந்தது.

போன மாதம், அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம், என் பழைய காரின் ரேடியேட்டர் தண்ணீர் துருவேறிக் கிடப்பதைப் பார்த்தேன். எனக்குத் தொழில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். சிக்கின பேப்பரை உருவத் தெரிந்தவனுக்குக் கார் எம்மாத்திரம் என்று பழசைத் திறந்துவிட்டு, இன்ஜினைச் சூடேறாமல் வைக்கும் புதுக் கூலன்ட் ஊற்றினேன். ஐந்தரை லிட்டர் பிடிக்கும் என்று வண்டியோடு வந்த புத்தகம் சொன்னது. மூன்றரையிலேயே வாய்வரை நிறைந்துவிட்டது. மீதி இடத்தைக் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எந்த மெக்கானிக்கும் சொல்லியிருப்பான். நான் இரண்டு லிட்டர் மிச்சம் பிடித்துவிட்டதாக அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் பாதி வழியில் அக்கா, "ஏதோ தீயிற வாடை வருதுடா" என்றாள்.

"முன்னாடி போற லாரிக்கா."

சூடு காட்டும் முள் அசையவே இல்லை. எப்படி அசையும்? அதற்குச் சூட்டைச் சொல்ல வேண்டிய தண்ணீர் அங்கே இல்லை, காற்றுதான் இருந்தது. நானும் முள்ளை நம்பி ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஜோக் முடிவதற்குள் ரேடியேட்டரின் ரப்பர் ஹோஸ் வெடித்தது.

ஒரு மெக்கானிக் வந்து வேறு ஹோஸ் மாட்டி, வெறும் தண்ணீர் ஊற்றி அனுப்பினார். "காத்த எடுக்காம ஊத்திட்டீங்களே சார்" என்று அதை எடுக்கும் விதத்தையும் சொன்னார். கோர்ட்டின் சந்திப்பு அறைக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றேகால். கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சந்திப்பு ரத்து. பாப்பாவை அவள் அப்பா கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார். அக்காவின் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதியிருந்தது. இன்னொரு 'வரவில்லை' விழுந்தால் விஷயம் மறுபடி நீதிபதியிடம் போகும் என்றார் அங்கே இருந்த அலுவலர். மேசைமேல் பாப்பா பாதி வரைந்த வீடு கிடந்தது. அதையாவது கொடுங்கள் என்று கேட்டோம். விதியில் இடமில்லையாம்.

அக்கா என்னைத் திட்டவில்லை. ஒரு மாதமாகச் "சாப்பிட்டியா", "லைட்ட அணை" என்பதோடு சரி. நாலு வார்த்தை ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இன்று வெள்ளிக்கிழமை. நாளை அடுத்த சந்திப்பு. கெடுத்த கைதான் சரிசெய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. சந்தின் ஏற்றத்தில் வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தினேன். இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, தண்ணீரை வடித்துவிட்டு, புனலை வைத்துக் கூலன்டை ஊற்றினேன். அக்காவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டு, காற்று வரும் இடத்தில் கை வைத்துச் சொல்வது அவள் வேலை. அங்கே சூடு வந்தால் உள்ளே அடைத்திருந்த காற்று போய்விட்டது என்று அர்த்தம்.

"நாளைக்கு ஏழு மணிக்குக் கிளம்பலாமாக்கா?"

"முதல்ல இத முடி."

இன்ஜின் ஓடியது. மேல் ஹோஸைப் பால் கறப்பவன் மாதிரி அமுக்கி அமுக்கி விட்டேன்.

"சூடு வருதா?"

"இல்ல. சில்லுனு இருக்கு."

'கொளக்' என்று ஒரு பெரிய குமிழி புனலில் வந்து உடைந்தது. மட்டம் சரசரவென்று இறங்கியது. ஊற்றினேன்.

"ஏப்பம் விடுதுக்கா. நம்ம பெரிய மாமா பந்தியில விடுவாரே, அதே சுருதி."

அக்கா சிரிக்கவில்லை. எதிர்வீட்டு நாய் மட்டும் எழுந்து பார்த்துவிட்டுப் படுத்தது.

"லேசா ஆக்ஸிலேட்டர அமுத்து. இப்ப?"

"இல்லடா."

இன்னும் நாலைந்து ஏப்பம். பிறகு பொடிப்பொடியாய்க் குமிழிகள். கேன் காலியானது. முழுசாய் ஐந்தரை லிட்டர். போன மாதம் இந்த அரை மணி நேரத்தைச் செலவழித்திருந்தால் போதும்.

"ஏழுக்கு வேணாம்னா ஆறரைக்கே கிளம்பிடலாம்."

"சூடு வருது" என்றாள் அக்கா.

ஜன்னல் வழியாக எட்டி நானும் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. திரும்பி வந்து புனலைப் பார்த்தபடி நின்றேன். ஒரு குமிழிகூட இல்லை. விசிறி தானாகச் சுற்றியது, தானாக நின்றது. முள் நடுவில் நின்றது, இந்தத் தடவை நிஜமாகவே. புனலை எடுத்து மூடியைத் திருகினேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் குனிந்தேன்.

"அக்கா, நாளைக்கு என்கூட வர்றியா இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

அக்கா இன்ஜினை அணைத்தாள். சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"வரல. காலைல அஞ்சரை பஸ்ல போறேன். வண்டிய நல்லாத்தான் சரி பண்ணியிருக்க, நான் இல்லைங்கல. நீயும் நல்லவன்தான்டா. ஆனா அவ விஷயத்துல இனிமே உன்ன நம்பி ஏற மாட்டேன்."